டீயில் நாட்டுச்சர்க்கரையா, அரை ஸ்பூன் குறைவா?

சர்க்கரையை விடணும் என்று நினைப்பவர்கள் முதலில் போய் நிற்பது நாட்டுச்சர்க்கரை மூட்டை முன்னால்தான். நானும் நின்றேன். டீயின் நிறம் மாறியது, மணம் வந்தது, ஒருநாள் பால் திரிந்தும் போனது. ஸ்பூன் மட்டும் இரண்டிலேயே இருந்தது. நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பங்கு வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான்; ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். ஒரு ஸ்பூனில் இருப்பது சொற்பம், அதையும் உடம்பில் முழுசாகச் சேரவிடாமல் டீக்குத் துவர்ப்பு தரும் டானின் தடுக்கும்.

குறைப்பது வேறு கதை. ஒரு ஸ்பூன் சுமார் 4 கிராம். இரண்டு ஸ்பூன் வீதம் நாளுக்கு நாலு டீ என்றால் 32 கிராம். நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை தினம் ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. டீயே அதைத் தாண்டிவிடுகிறது. சாயங்கால ஜிலேபியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

டீக்கு அரை ஸ்பூன் குறைத்தாலே நாளுக்கு 8 கிராம் மிச்சம். முதல் வாரம் கழுநீர் மாதிரிதான் இருந்தது. மூன்றாவது வாரம் மாமியார் வீட்டு டீ எனக்குப் பாயசமாகப் பட்டது. வாசனைக்காக நாட்டுச்சர்க்கரைதான் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் ஒன்றரை ஸ்பூன்தான்.