உலகப் பந்தயத்துக்கு ஒரு பாய்மரப் படகு அணி: மூன்று வழிகளில் எதை முதலில் எடுப்பது?

பணம் தர ஒரு ஸ்பான்சர் தயார். நாட்டின் கொடியோடு உலக அரங்கில் ஓட வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. ஆனால் அந்தத் தரத்தில் அனுபவமுள்ள ஆட்கள் உள்ளூரில் இல்லை. தொழில்முறைப் பாய்மரப் படகு அணி தொடங்க நினைக்கும் பல நாடுகளின் நிலைமை இதுதான். அவர்கள் முன்னால் இன்று மூன்று பெரிய வழிகள் இருக்கின்றன: அமெரிக்காஸ் கப், செயில்ஜிபி லீக், உலகைச் சுற்றிவரும் ஓஷன் ரேஸ். இந்தப் பேச்சு எடுத்தாலே முதலில் அடிபடும் பெயர் அமெரிக்காஸ் கப். 1851-இல் தொடங்கிய போட்டி, மவுசு அதிகம். ஆனாலும் புதிதாக வருபவர்கள் கடைசியாகத் தட்ட வேண்டிய கதவு அதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

படகு யார் கையில்?

அமெரிக்காஸ் கப்பில் விதிகள் ஒரு வரம்பு கட்டும், அதற்குள் படகை வடிவமைத்துக் கட்டும் பொறுப்பு அணியுடையது. அதனால் அங்கே வெற்றி தோல்வியில் பாதி, படகு தண்ணீரில் இறங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. 2017 பெர்முடா போட்டியைப் பாருங்கள். அந்த இரட்டை உடல் கேட்டமரான்களில் ஃபாயிலையும் (படகைத் தண்ணீருக்கு மேல் தூக்கும் அடிச் சிறகு) இறக்கைப் பாயையும் (விமான இறக்கை போன்ற கெட்டியான பாய்) அசைக்கத் தேவையான ஹைட்ராலிக் அழுத்தத்தை மாலுமிகள்தான் உடல் பலத்தால் உண்டாக்க வேண்டும். எல்லோரும் கையால் சுழற்றிக்கொண்டிருந்தபோது, நியூசிலாந்து அணி சைக்கிள் பெடல்களைப் பொருத்தியது. கைத் தசையைவிடக் கால் தசைக்கு வலு அதிகம் என்ற எளிய கணக்கு. லண்டன் ஒலிம்பிக்கில் சைக்கிள் பந்தயத்தில் வெண்கலம் வென்ற சைமன் வான் வெல்தூவனையே அணியில் சேர்த்து உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் இதைப் பார்த்தபோது போட்டிக்குச் சில மாதங்கள்தான் மீதி. முழுப் படகையும் மாற்ற அவர்களுக்கு நேரமில்லை. இறுதிப் போட்டியை நியூசிலாந்து 7–1 என்று வென்றது. இப்படி யோசிக்கவும், யோசித்ததை ரகசியமாகக் கட்டி முடிக்கவும் கூடிய பொறியாளர் கூட்டம் புது அணிக்கு ஒரே ஆண்டில் அமைந்துவிடாது.

செயில்ஜிபி இதற்கு நேர் எதிர். ஆரக்கிள் மென்பொருள் நிறுவனத்தின் லாரி எலிசனும் நியூசிலாந்து மாலுமி ரஸ்ஸல் கூட்ஸும் சேர்ந்து உருவாக்கிய இந்த லீக் 2019-இல் சிட்னியில் தொடங்கியது. எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரி எஃப்50 கேட்டமரான், அதை லீக்கே கட்டித் தருகிறது. அதைவிட முக்கியமான விஷயம், ஒவ்வொரு படகிலிருந்தும் வரும் தரவு எல்லா அணிகளுக்கும் திறந்திருக்கிறது. முதலிடம் வந்த படகு எந்த நொடியில் சுக்கானைத் திருப்பியது, ஃபாயில் எந்த உயரத்தில் இருந்தது என்பதைக் கடைசி இடம் வந்த அணி அன்றைக்கே உட்கார்ந்து பார்க்கலாம். வேறு எந்தப் பெரிய பந்தயத்திலும் புதியவர்களுக்கு இப்படி ஒரு வசதி கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கு விலையும் உண்டு. படகு லீக்கின் கையில் என்றால், அதன் கோளாறும் உங்கள் தலையில்தான் விடியும். 2025 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் ஆஸ்திரேலியப் படகின் இறக்கைப் பாய் சரிந்தது. அடுத்து நடந்த பரிசோதனையில் மற்றப் படகுகளின் இறக்கைகளிலும் ஒட்டுக் குறைபாடு தெரிந்தது. மே மாதம் ரியோவில் நடக்க வேண்டிய சுற்றையே ரத்து செய்தார்கள். பிரேசில் அணியை ஓட்டுபவர் மார்ட்டின் கிராயெல், செயில்ஜிபியில் சுக்கான் பிடித்த முதல் பெண், இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் ஓட வேண்டிய போட்டி, அந்த அணியின் தவறு எதுவும் இல்லாமலே கைநழுவிப் போனது.

இன்னொரு குறை பயிற்சி நேரம். ஒரு சுற்று முடிந்ததும் படகுகளைக் கழற்றி, கண்டெய்னரில் ஏற்றி, அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இடைப்பட்ட நாட்களில் சிமுலேட்டர்தான் கதி. எஃப்50 மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொடும் படகு. அதில் பழக்கமே இல்லாதவரை ஏற்றிக் கற்றுக்கொடுக்க அங்கே அவகாசம் கிடையாது.

ஆட்கள்: வாங்குவதா, வளர்ப்பதா?

இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது: ஒரே உரிமையாளர், ஒரே பெயர், இரண்டு எதிரெதிர் வழிகள். சுவிட்சர்லாந்தின் எர்னெஸ்டோ பெர்டரெல்லி நடத்திய அலிங்கி அணியைச் சொல்கிறேன்.

1995-இல் கோப்பையை வென்று 2000-இல் ஆக்லாந்தில் தக்கவைத்த நியூசிலாந்து அணியின் ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) ரஸ்ஸல் கூட்ஸ். அவரையும் தந்திர வல்லுநர் பிராட் பட்டர்வொர்த்தையும் முக்கியமான சகாக்களோடு பெர்டரெல்லி தன் பக்கம் இழுத்தார். அன்றைய விதி அந்த நாட்டில் வசித்தாலே போதும் என்றது, அவர்களும் குடிபெயர்ந்தார்கள். 2003-இல் அதே ஆக்லாந்தில், தங்கள் பழைய அணியை 5–0 என்று தோற்கடித்து, கடலே இல்லாத நாட்டுக்குக் கோப்பையைக் கொண்டுபோனார்கள். நியூசிலாந்தின் படகு முதல் பந்தயத்தில் தண்ணீர் ஏறி நின்றது, நான்காவதில் பாய்மரம் முறிந்தது. மூத்தவர்கள் மொத்தமாகப் போனபின் அவசரத்தில் கட்டிய அணி, அவசரத்தில் கட்டிய படகு.

கோப்பை மட்டும் போதும் என்றால், வாங்குவது வேலை செய்யும். இதை மறுக்க முடியாது. ஆனால் அடுத்து நடந்ததையும் பாருங்கள். 2004-இல் பெர்டரெல்லியோடு ஒத்துப்போகாமல் கூட்ஸ் வெளியேறினார். பிறகு எலிசனின் ஆரக்கிள் அணிக்குத் தலைமை ஏற்று, 2010-இல் வலென்சியாவில் அலிங்கியையே தோற்கடித்தார். உங்களால் விலைக்கு வாங்க முடிந்தவரை இன்னொருவராலும் வாங்க முடியும்.

2024 பார்சிலோனாவில் அலிங்கி திரும்பி வந்தபோது விதிகள் மாறியிருந்தன. மாலுமிகள் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட காலம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அலிங்கி ரெட் புல் ரேசிங் முழுக்கச் சுவிஸ் மாலுமிகளோடு இறங்கியது. பணத்துக்குக் குறைவில்லை. ஃபார்முலா ஒன் தொழில்நுட்பம் கூட இருந்தது. பழக நியூசிலாந்தின் பழைய ஏசி75 படகையே (இப்போட்டிக்கான 75 அடிப் படகு வகை) வாங்கியிருந்தார்கள். அரையிறுதியில் பிரிட்டனிடம் 5–2 என்று தோற்றார்கள். முதல் முறை ஏசி75 ஓட்டுபவர்களுக்கு அது மோசமான முடிவே இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே அந்தக் கூட்டணி கலைந்தது. ஆட்களை வளர்க்க ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்துவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2003-இல் அவமானப்பட்ட நியூசிலாந்து மறுபடியும் கோப்பையைத் தொட 14 ஆண்டுகள் ஆயின. 2013-இல் 8–1 என்று முன்னிலையில் இருந்து 9–8 என்று இழந்ததும் அதற்குள் அடக்கம். அதையும் தாங்கி நின்றதால்தான் 2017, 2021, 2024 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றார்கள்.

உடைந்தால் என்ன ஆகும்?

அணியின் உண்மையான பலம் இங்கேதான் தெரியும். 2021 ஜனவரியில் அமெரிக்கன் மேஜிக் அணியின் படகு ஆக்லாந்தில் வேகமாகத் திரும்பும்போது காற்றில் எழும்பிக் கவிழ்ந்தது, உடலில் பெரிய ஓட்டை. எதிரணிகளே படகு மூழ்காமல் காப்பாற்ற ஓடிவந்தன. இரவு பகலாகச் சரிசெய்து அந்த மாதக் கடைசியில் அரையிறுதிக்கு வந்தார்கள், ஒரு பந்தயம்கூட வெல்லாமல் வெளியேறினார்கள். பல ஆண்டு உழைப்பு ஒரு திருப்பத்தில் போயிற்று.

ஓஷன் ரேஸில் உடைவது வாடிக்கை. அதனால் அதைச் சமாளிக்கும் ஏற்பாடும் பந்தயத்துக்குள்ளேயே இருக்கிறது. 1973-இல் போர்ட்ஸ்மத்தில் தொடங்கிய இந்தப் பந்தயம் பல மாதம் நீளும், துறைமுகம் துறைமுகமாக, கட்டம் கட்டமாக நின்று போகும். 2008 டிசம்பரில் கொச்சிக்கும் வந்து போனது. 2014–15 பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி 65 அடிப் படகு, துறைமுகங்களில் எல்லா அணிகளுக்கும் பொதுவான பழுதுபார்க்கும் குழு. வெஸ்டாஸ் அணி மொரீஷியஸுக்கு வடக்கே கார்கடோஸ் கரஜோஸ் பவளத்திட்டில் இரவில் மோதிக் கரையேறியது. மின்னணு வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் திட்டு கண்ணில் படவில்லை. அந்தப் படகை மீட்டு, இத்தாலிக்குக் கொண்டுபோய்ச் சீரமைத்தார்கள். லிஸ்பனிலிருந்து அது மறுபடியும் பந்தயத்தில் ஓடியது.

அதே பந்தயத்தில் சீனாவின் டோங்ஃபெங் அணி. ஒரு லாரி கம்பெனி பணம் போட்டது. ஸ்கிப்பர் பிரான்ஸின் ஷார்ல் கோத்ரெலியே, முந்தைய பந்தயத்தில் வென்ற படகில் இருந்தவர். அவரோடு அனுபவமுள்ள சில வெளிநாட்டவர்கள். மீதி இடங்களில், ஆழ்கடல் பந்தய அனுபவம் பெரிதாக இல்லாத சீன இளைஞர்கள். 2015 மார்ச் கடைசியில் தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னுக்குச் சற்று முன்னால் இருட்டில் பாய்மரம் முறிந்தது. தட்டுத்தடுமாறி அர்ஜென்டினாவின் உஷுவாயா போய்ச் சேர்ந்து, அந்தக் கட்டத்தைக் கைவிட்டார்கள். பிரேசிலின் இட்டஜாயில் புதுப் பாய்மரம் ஏற்றினார்கள். அங்கிருந்து அமெரிக்காவின் நியூபோர்ட் வரை ஏறத்தாழ 5,000 கடல்மைல் ஓடி, இரண்டாவது படகைவிட மூன்று நிமிடத்துச் சொச்சம் முன்னால் வந்து வென்றார்கள்.

மொத்தத்தில் அந்த முறை மூன்றாம் இடம். அடுத்த முறையும் அதே ஸ்பான்சர், அதே ஸ்கிப்பர். கற்றுக்கொள்ள ஏறிய சென் ஜின்ஹாவ், லியு ஷ்யே இருவரும் திரும்பி வந்தார்கள். 2018 ஜூனில் கடைசிக் கட்டம் தொடங்கும்போது மூன்று அணிகள் கிட்டத்தட்டச் சமப் புள்ளியில் நின்றன. மற்றவர்கள் கடலுக்குள் விலகிப் போக, கோத்ரெலியே கரையோரப் பாதையைப் பிடித்தார். திஹேக் துறைமுகத்துக்கு முதலில் வந்து மொத்தப் பந்தயத்தையும் வென்றார். அந்தப் பந்தயத்தில் அந்த அணி வென்ற ஒரே கட்டம் அதுதான். படகில் இருந்த கரோலின் பிரவரும் மரி ரியுவும் இந்தப் பந்தயத்தை வென்ற முதல் பெண்கள். பிரவர் முந்தைய முறை முழுக்கப் பெண்கள் ஓட்டிய எஸ்சிஏ அணியில் பழகியவர்.

எனவே வாங்கு, வளர் என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒரு வழி இருக்கிறது. வெளியாளை எடு, ஆனால் உன் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கவே எடு. செயில்ஜிபியிலும் இது நடந்திருக்கிறது. 2021-இல் ஸ்பெயின் அணி சேர்ந்தபோது சுக்கான் பிடித்தவர் நியூசிலாந்தின் ஃபில் ராபர்ட்சன். பிறகு ஸ்பெயின்காரர்களே ஓட்ட ஆரம்பித்தார்கள். 2024 ஜூலையில் டியாகோ போட்டின் தலைமையில் லீக் சாம்பியன் ஆனார்கள். சில வாரங்களில் அவரும் அதே படகின் ஃப்ளோரியன் டிரிட்டலும் பாரிஸ் ஒலிம்பிக்கில் இருவர் ஓட்டும் 49இஆர் படகுப் பிரிவில் தங்கமும் வென்றார்கள். ஆனால் 2019-இல் ராபர்ட்சன் ஓட்டிய சீன அணி, முதல் சீசனோடு லீக்கை விட்டு மறைந்தது. ஆசிரியர் அவரேதான். ஸ்பெயின் தொடர்ந்து நின்றது, சீனா நிற்கவில்லை.

இன்று தொடங்குபவருக்கு

ஒரு சிக்கல் இருக்கிறது. டோங்ஃபெங் ஓடிய அந்தப் பொதுப் படகு ஏற்பாடு உலகைச் சுற்றும் பந்தயத்தில் இப்போது இல்லை. 2023 முதல் இமோகா 60 என்ற 60 அடிப் படகுகள், ஒவ்வொரு அணிக்கும் அவரவர் சொந்தப் படகு. ஓட்டுபவர்கள் நான்கே பேர். கற்றுக்கொள்பவர்களுக்கு இடம் சுருங்கிவிட்டது. ஆனால் இமோகாவுக்குப் பழைய படகுச் சந்தை உண்டு, 2023 பந்தயத்திலேயே பழைய படகோடு வந்த அணி இருந்தது. நான்கில் ஒருவராவது உள்ளூர்க்காரர், இரண்டாவது முறை இருவர் என்று முதலிலேயே எழுதிக்கொண்டு இறங்கலாம்.

அமெரிக்காஸ் கப்பும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2027 நேப்பிள்ஸ் போட்டிக்கு 75 மில்லியன் யூரோ செலவு உச்சவரம்பு, பழைய படகு உடல்களையே பயன்படுத்த வேண்டும், படகில் ஐந்தே பேர், அதில் ஒரு பெண் கட்டாயம். நல்ல மாற்றங்கள்தான். ஆனாலும் ஃபாயிலையும் கட்டுப்பாட்டு அமைப்பையும் செதுக்கும் மூளைகள் பழைய அணிகளிடம்தான் இருக்கின்றன.

ஒலிம்பிக் வகைப் படகுகளில் கைதேர்ந்த ஆட்கள் இருக்கும் நாடு செயில்ஜிபியில் இடம் கிடைத்தால் அங்கே போகலாம், ஸ்பெயின் போனது அப்படித்தான். அதுவும் இல்லாத நாடு பழைய இமோகா ஒன்றை வாங்கி, நல்ல ஸ்கிப்பர் ஒருவரோடு அடுத்தடுத்த இரண்டு ஓஷன் ரேஸுக்கும் சேர்த்தே ஒப்பந்தம் போடட்டும். முதல் பந்தயத்துக்கு மட்டும் பணம் தருவேன் என்கிற ஸ்பான்சரோடு தொடங்காமல் இருப்பதே மேல்.