தவிட்டில் வளர்ந்த பெக்டினேஸ் தூள்: பயன்படுத்திப் பார்த்த மதிப்புரை

பெக்டினேஸ் என்பது, பழச்சாற்றைக் கலங்கலாக வைத்திருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருளைச் சிதைக்கும் நொதி. பழச்சாற்றைத் தெளியவைப்பதற்காகச் சில வாரங்களாக நான் பயன்படுத்திவரும் இந்தப் பெக்டினேஸ் தூள், அஸ்பெர்ஜிலஸ் நைஜர் என்னும் பூஞ்சையை ஈரமான கோதுமைத் தவிட்டில் வளர்த்து எடுக்கப்படுவது. வளர்ப்பு ஊடகத்தில் விலங்குப் பொருள் எதுவும் இல்லை என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். முறை புதிதன்று. தவிட்டில் அஸ்பெர்ஜிலஸ் ஒரைசே என்னும் இன்னொரு பூஞ்சையை வளர்த்து, மாவுச்சத்தைச் சிதைக்கும் டயாஸ்டேஸ் நொதியை எடுக்கும் முறைக்கு ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே 1894-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். தவிடு பூஞ்சைக்கு உணவாகவும் பற்றிப் படரும் தளமாகவும் அமைவதே இம்முறையின் பலம்.

ஒரு லிட்டர் ஆப்பிள் சாற்றைக் கொதிநிலைக்கு அருகில் சூடாக்கி, 45 டிகிரி செல்சியஸுக்கு ஆறவிட்டு, உறையில் சொன்ன அளவு தூளைக் கலந்து வைத்தேன். முதல் அரைமணி நேரம் எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு கலங்கல் திரிதிரியாகத் திரண்டு, மேலிருந்து கீழாகத் தெளிவு மெல்ல இறங்கிவந்தது. புரதத் துகள்களைப் போர்த்தி, அவற்றை ஒன்றோடொன்று சேரவிடாமல் வைத்திருந்த பெக்டின் சிதைந்ததன் விளைவு இது. இரண்டு மணி நேரம் கழித்துச் சிறிதளவு சாற்றை வடித்து, அமிலம் சேர்த்த ஆல்கஹாலை அதைப்போல் இருமடங்கு எடுத்து அதில் விட்டபோது, பெக்டின் மிச்சமிருந்தால் தெரியும் கூழோ நூலோ தோன்றவில்லை. நொதி சேர்க்காத சாற்றில் மாவுச்சத்து இருப்பதை நீல நிறமாகக் காட்டிய அயோடின், இதில் நிறம் மாறவில்லை. தவிட்டு வளர்ப்பில் பெக்டினேஸோடு, மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸும் செல்லுலோஸைச் சிதைக்கும் செல்லுலேஸும் கூடவே வருவதுண்டு. மாவுச்சத்துள்ள ஆப்பிள் சாற்றுக்கு அது நன்மையே, ஒரே நொதி மட்டும் வேண்டுவோருக்கு இது ஏற்றதாகாது.

என் மனக்குறை வேறொன்று. நொதியின் வினைத்திறனை ஒரு கிராமுக்கு இத்தனை அலகு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பவர்கள், அந்த அலகை எந்தப் பிஎச் (அமிலத்தன்மை) அளவில், எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. அது தெரியாமல் இன்னொரு தூளோடு இதை ஒப்பிடவே முடியாது. எவ்வளவு சேர்ப்பது என்பதையும் ஒவ்வொரு சாற்றுக்கும் நானே சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தூளும் மிக நைசாக இருப்பதால், மூடியைத் திறந்தவுடனே புகைபோல் எழுகிறது. நொதித் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரக்கூடும் என்பதால், முகக்கவசம் இல்லாமல் இதைக் கையாள வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். அந்த எச்சரிக்கை உறையின் மூலையில், படிக்க முடியாத பொடி எழுத்தில் இருக்கிறது.

வேலையில் குறை காணாததால் தொடர்ந்து வாங்குவேன். ஆனால் இதே நொதி திரவமாகக் கிடைத்தால், அன்றே அதற்கு மாறிவிடுவேன்.