எஞ்சின், கியர்பொக்ஸ் இறக்கக் கொடுப்பவர்கள் கவனம்: என் மொறிஸ் மைனர் பிக்கப்புக்கு நடந்தது

யாழ்ப்பாணப் பக்கம் மொறிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40 என்று பழைய வாகனங்களை இன்னும் வைத்து ஓட்டுகிறவர்கள் இதைத் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். கிளட்ச் வேலைக்கென்று எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இறக்கக் கொடுத்த என் பிக்கப், வேறு எஞ்சினோடும் வேறு கியர்பொக்ஸோடும் திரும்பி வந்திருக்கிறது. முறைப்பாடு பொலிஸில் இருப்பதால் கராஜின் பெயரைப் போடவில்லை. என்ன செய்தார்கள், எப்படிப் பிடிபட்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வண்டி அப்பாவுடையது, 1964ஆம் ஆண்டு, நடுவில் ஸ்ரீ எழுத்து உள்ள பழைய இலக்கத் தகடு, 1098 சிசி எஞ்சின். 1962 கடைசியில்தான் மைனருக்கு இந்த எஞ்சின் வந்தது, அதற்கு முந்தியது 948. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த நேரம், காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளில் இதுவும் ஒன்று. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கிவிடும், பிறகு சிலிண்டரும் பெயரிங்கும் தேயாமல் என்ன செய்யும். 2002இல் ஏ9 கண்டி வீதி திறந்த பிறகு அப்பா எஞ்சினைக் கொழும்புக்குக் கொண்டுபோய், தேய்ந்த சிலிண்டர்களைக் குடைந்து, 40 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய எஞ்சின் அது.

போன வருடம் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. இந்த எஞ்சினில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பி உள்ளே தள்ளுகிற ஒரு புரிதான் இருக்கிறது, வயது போகப் போக அது ஒழுகி கிளட்ச் தட்டை நனைத்துவிடும். தட்டை மாற்ற எஞ்சினையோ கியர்பொக்ஸையோ கழற்றத்தான் வேண்டும், கியர்பொக்ஸிலும் முதலாம் கியர் சத்தம் போட்டதால் இரண்டையும் ஒன்றாக இறக்கச் சொன்னேன். இறக்கிய அன்று நானும் நின்றேன். அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ரேடியேற்றர், காபரேற்றர், வயர்களைக் கழற்றி, உள்ளே காலடியில் இருக்கும் கியர்பொக்ஸ் மூடியின் துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பின் தண்டைப் பிரித்து, செயின் புளொக்கில் மாட்டி முன்பக்கத்தைத் தூக்கி ஒரேயடியாக வெளியே எடுத்தார்கள். வெளியே வைத்து இரண்டையும் பிரிக்கும்போது கியர்பொக்ஸின் பாரம் அதன் முன் தண்டில் தொங்காமல் கீழே ஜக் கொடுத்திருந்தார்கள். பார்த்து நம்பிக்கை வந்தது. போனில் நிறையப் படமும் எடுத்தேன், அந்தப் படங்கள்தான் இப்போது எனக்கு இருக்கும் ஒரே சாட்சி.

பிறகு தொடங்கியது இழுத்தடிப்பு. கிளட்ச் தட்டு கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் இல்லையாம், லண்டனிலிருந்து வர வேணுமாம், பாஸுக்குக் காய்ச்சலாம். கேட்கும்போதெல்லாம் எஞ்சின் சாக்கால் மூடியபடி ஒரு மூலையில் கிடந்தது, அல்லது அப்படித்தான் காட்டினார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளுக்கும் அவற்றின் சாமான்களுக்கும் விலை எங்கேயோ போய்விட்டது, நல்ல 1098 எஞ்சினும் அதோடு வந்த கியர்பொக்ஸும் தனியாக விற்றாலே பெரிய காசு. இறங்கிய எஞ்சின் ஒரு கராஜில் எத்தனை நாள் கூடுதலாகக் கிடக்கிறதோ அத்தனைக்கு அதை விலை பேச ஆள் வரும்.

ஒருவழியாக வண்டி வந்தது. "கியர் கொஞ்சம் டைட்டா இருக்கும் அண்ணை, ஓட ஓடச் சரிவரும்" என்றார்கள். சரிவரவில்லை. வெங்காய மூட்டை ஏற்றினால் இழுவை இல்லை, மூன்றாம் கியரிலேயே திணறுகிறது. வீட்டில் வண்டிக்குக் கீழே படுத்து ரோச் அடித்துப் பார்த்தேன். என் கியர்பொக்ஸின் வெளிப்பக்கம் வரிவரியாக மேடு இருக்கும், 1098 எஞ்சினோடு வந்ததெல்லாம் அப்படித்தான். மேலே பூட்டியிருந்தது வழுவழுப்பான கோது. அது 948 எஞ்சினோடு வருகிற பழைய கியர்பொக்ஸ், பலம் குறைந்தது, கிளட்ச் தட்டும் சிறியது, ஏழேகால் அங்குலத்துக்குப் பதில் ஆறேகால். போல்ட் பூட்டும் காதுகளில் ஒன்று உடைந்திருந்தது, தட்டை நடுவில் பிடிக்காமல் போல்டை இறுக்கியே இழுத்துச் சேர்த்திருக்கிறார்கள் போல. ஒயில் மூடியைக் கழற்றி விரலில் தொட்டு மணந்தால் கந்தக நாற்றம். மைனர் கியர்பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில்தான் ஊற்ற வேண்டும், அந்த நாற்றமடிக்கிற கெட்டி கியர் ஒயில் சிலது உள்ளேயிருக்கும் வெண்கல வளையங்களை அரித்துவிடும். மைனர் தெரிந்த ஒருவர் செய்கிற வேலையா இது?

அடுத்தது எஞ்சின். டைனமோவுக்கு மேலே இலக்கத் தகடு இருக்கிறது, 10எம்ஏ என்று தொடங்கும் என்னுடைய அதே இலக்கம், வண்டியின் பதிவுப் புத்தகத்தோடும் ஒத்துப்போகிறது. ஆனால் தகட்டைப் பிடித்திருப்பது பளபளக்கும் புது பொப் றிவிட். என் படத்தில் இருப்பது பழைய சின்னத் தலை ஆணி, அதைச் சுற்றி அப்பா அடித்த பச்சைப் பெயின்ட். தகட்டை மட்டும் கழற்றி இன்னொரு புளொக்கில் அடித்திருக்கிறார்கள்! வேறொரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஹெட்டைக் கழற்றி அளந்தோம். 1098இன் சிலிண்டர் விட்டம் 64.6 மில்லிமீற்றருக்குக் கிட்ட, என்னுடையது ஓவர்சைஸ் என்பதால் அதைவிடக் கூட இருக்க வேண்டும். அளவு 63ஐக்கூடத் தொடவில்லை. 948தான். கார்களின் கணக்கில் ஒன்று 48 குதிரைவலு, மற்றது 37, வெங்காய மூட்டைக்குத் திணறாமல் என்ன செய்யும்.

போய்க் கேட்டபோது கராஜ்காரர் சொன்ன பதில்: "மொறிஸ் எண்டா மொறிஸ்தானே அண்ணை, எல்லாம் ஒண்டுதான்." படத்தைக் காட்டியதும் பெடியன்கள் மாறிப் பூட்டிவிட்டார்கள் என்றார். மாறிப் பூட்டலாம், இலக்கத் தகடு தானாக நடந்து போகுமா? பொலிஸில் முறைப்பாடு கொடுத்த பிறகுதான் என் கியர்பொக்ஸ் எங்கிருந்தோ திரும்பி வந்தது. எஞ்சினைப் பற்றி இன்றுவரை ஒரு கதையும் இல்லை.

களவு போனதைவிடத் தகட்டு வேலைதான் எனக்குப் பெரிய பயம். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது, எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். நாளைக்கு வண்டியைக் கைமாற்றும்போது தகட்டில் கைவைத்திருப்பதை யாராவது கண்டால் கேள்வி என்னிடம்தான் வரும். அதனால் தகட்டு விஷயத்தைப் பொலிஸ் முறைப்பாட்டில் தனியாக எழுதிக் கொடுத்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், ஆனால் வேலை செய்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும். இழுத்தடிக்கிறவர்கள் இதைத் தெரிந்துதான் இழுத்தடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கொடுக்க முதல் இலக்கத் தகட்டையும் அதன் ஆணிகளையும் கிட்டவைத்துப் படம் எடுங்கள், கியர்பொக்ஸ் கோதைக் கீழிருந்து எடுங்கள், புளொக்கில் வெளியே தெரியாத இடத்தில் சென்ரர் பஞ்ச் (கூர் உளி) வைத்து ஒரு புள்ளி அடித்து வையுங்கள். சாமான் கைக்கு வராமல் எஞ்சினை இறக்க விடவே வேண்டாம், இறக்குவது ஒரு நாள் வேலைதான்.

தகடு இல்லாமல், தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டையும் சுற்றிப் பச்சைப் பெயின்டும் உள்ள 1098 எஞ்சினை யாராவது விற்க வந்தால், ஹெட்டைக் கழற்றி பிஸ்டன் தலையில் 040 என்று அடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்காதீர்கள், எனக்கு உடனே அறிவியுங்கள்.