குவாங்சோ மெட்ரோ: மலிவுதான், ஆனால் 3-ஆம் தடம்?

சீனாவின் குவாங்சோ மெட்ரோவில் முதல் 4 கிலோமீட்டருக்கு 2 யுவான்தான். ஒருவழிச் சீட்டு என்பது வட்டமான பிளாஸ்டிக் டோக்கன்: நுழையும்போது வாசலில் தொட்டுக் காட்டி, வெளியேறும்போது துளையில் போட வேண்டும். தொலைத்தால் மறுபடியும் காசு கட்ட நேரும். அலிபே என்ற சீனப் பணப்பரிவர்த்தனைச் செயலியில் கியூஆர் காட்டிப் போவது இன்னும் சுலபம். ஆனால் பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் கார்டு இணைப்பையும் ஊரிலேயே முடித்துவிடுங்கள். ரோமிங் இல்லாத சிம்முக்கு அங்கே ஓடிபி வராது. நிலைய வாசலில் பைச் சோதனை உண்டு, பழம் நறுக்கும் கத்தியெல்லாம் வேண்டாம்.

விமான நிலையம் போகும் 3-ஆம் தடம்தான் தலைவலி. காலை, மாலை நெரிசலில் தியூ ஷீலு நிலையத்தில் பெரிய பெட்டியோடு ஏறப் பார்ப்பது வீண். முனையம் 1-க்கு 'விமான நிலையம் தெற்கு' என்ற மெட்ரோ நிலையம், 2-க்கு 'விமான நிலையம் வடக்கு', பார்த்து இறங்குங்கள்.