ஐரிஷில் 'அதை' எங்கே நிற்கும்: கடைசியிலா, வினைக்கு முன்னாலா?

ஐரிஷ் படிக்கத் தொடங்குபவர்கள் 'அதை', 'அவளை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு வழிகளுக்கு நடுவே தடுமாறுகிறார்கள். ஒன்று, தனிச்சொல்லாக வரும் ஏ, ஈ, ஈயத் (அவனை, அவளை, அவர்களை, அஃறிணைக்கும் இவையே). மற்றது, வினைப்பெயருக்கு ('குடித்தல்', 'செய்தல்' போன்ற வடிவம்) முன்னால் வரும் 'ஆ'.

முதல் வழி சுலபம். வினை, எழுவாய், செயப்படுபொருள் என்பதுதான் வரிசை. தேநீர் அங்கே ஆண்பால். ஆகவே 'தோல் மே ஏ' என்றால் 'அதைக் குடித்தேன்'. 'காலையில்' என்று சேர்த்தால்? 'தோல் மே ஏ எர் மாஜின்' தப்பில்லை. ஆனால் ஐரிஷ் காதுக்கு இயல்பாகப் படுவது 'தோல் மே எர் மாஜின் ஏ'. அந்தச் சின்ன ஏ மற்ற எல்லாவற்றுக்கும் வழிவிட்டுக் கடைசிக்குப் போய்விடும். இதை ஆரம்பத்திலேயே பழகிவிடுவது நல்லது.

எழுவாய்க்கு ஷே, ஷீ, ஷீயத். அதற்காக 'ஷ் இல்லாவிட்டால் செயப்படுபொருள்' என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். 'இஸ் மூன்ச்சோர் ஏ' (அவர் ஆசிரியர்) என்பதிலும் ஏதான் வருகிறது. சாதாரண வினையை ஒட்டி அதன் எழுவாயாக நிற்கும்போது மட்டும் ஷ் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். ஸ்காட்லாந்தின் கேலிக்கில் இந்தத் தொல்லை கிடையாது, இரண்டுக்கும் ஒரே வடிவம்.

இரண்டாவது வழி, 'குடித்துக்கொண்டிருக்கிறேன்' போன்ற தொடர்வினைக்கு. 'தா மே எக் ஓல்' என்பது ஏறக்குறைய 'குடிப்பதில் இருக்கிறேன்'. இதில் 'அதை' நுழைந்தால் 'அதன் குடிப்பில் இருக்கிறேன்' என்று உடைமையாக மாறும்: 'தா மே ஆ ஓல்'. குடிப்பது பெண்பால் பொருள் என்றால் 'ஆ ஹோல்'. பன்மை என்றால் 'ஆ நோல்'. 'செய்தல்' என்ற வினையில் இன்னும் அழகு: ஆ யேனவ், ஆ ஜேனவ், ஆ ந்யேனவ். மூன்றிலும் 'ஆ' ஒன்றுதான். ஆணா, பெண்ணா, பலவா என்பதை வினையின் முதல் ஒலியே சொல்லிவிடுகிறது. எனக்கு ஐரிஷில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

குறுக்குவழியும் ஒன்று உண்டு: 'தா மே எக் ஓல் ஏ'. ஐரிஷ் வழிப் பள்ளி மாணவர்களின் பேச்சில் இது கேட்கும். ஆங்கில வாக்கிய அமைப்பின் பாதிப்பு அப்படியே தெரிகிறது. எழுத்துத்தர இலக்கணம் இதை ஏற்பதில்லை. புரியும் என்பது உண்மைதான். ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன், அந்த மூன்று ஒலிகளும் இதில் காணாமல் போகின்றன.

8ஆம் நூற்றாண்டு ஐரிஷில் 'என்னை', 'அவனை' எல்லாம் பெரும்பாலும் வினைக்குள்ளேயே, முன்னொட்டுக்கும் வினையடிக்கும் நடுவே செருகப்பட்டன. அந்த முறை வழக்கொழிந்த பிறகு நிலைத்தவைதான் இந்த இரண்டு வழிகளும். சாதாரண வினைக்குக் கடைசி ஏ, நடந்துகொண்டிருப்பதற்கு 'ஆ'.