கருஞ்சேற்றை எங்கே சேர்ப்பது: அணையிலா, பழைய சுரங்கத்திலா?

அமெரிக்காவின் அப்பலாச்சியப் பகுதியில், நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து எடுத்த நிலக்கரியைக் கழுவியபின் எஞ்சும் கருஞ்சேற்றைப் பள்ளத்தாக்கில் அணை கட்டித் தேக்கலாம். அல்லது கைவிடப்பட்ட சுரங்க அறைகளுக்குள் குழாய் வழியே செலுத்தலாம்.

அணை கண்முன் நிற்பதால் அதன் கசிவையும் நீர்மட்டத்தையும் தொடர்ந்து அளக்க முடியும். ஆனால் அது உடைந்தால் தப்பிக்க நேரமிருக்காது. 1972-இல் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் 125 பேர் மாண்டனர். 2000 அக்டோபரில் கென்டக்கியின் மார்ட்டின் கவுண்டியில் நடந்ததை ஆய்வாளர்கள் இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும் என்பேன்: அங்கே அணைச்சுவர் உடையவில்லை, தேக்கத்தின் அடித்தளம் கீழிருந்த பழைய சுரங்கத்துக்குள் சரிந்ததால், 30 கோடி கேலன் அளவிலான சேறு சுரங்க வாய்களின் வழியே ஓடைகளில் பாய்ந்தது. ஆகவே, அணைத் திட்டத்தோடு சுரங்கத்தின் பழைய வரைபடங்களையும், இடையிலுள்ள பாறையின் தடிமனைத் துளையிட்டு அளந்த சான்றையும் கேட்காத ஆய்வு முழுமையாகாது.

நிலத்தடியில் செலுத்தும் முறையில் அணை உடையும் அச்சம் இல்லை. நிலத்தடி நீர்தான் கவலை. இதற்குப் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின்கீழ் தனி விதிகள் உள்ளன. எனினும் பாறைப் பிளவுகளின் வழியே சேற்றுநீர் எங்கே போகிறது என்பதை மேலிருந்து காண இயலாது. கிணற்று நீரை நம்பி வாழும் வீடுகள் அருகிலிருந்தால், நான் அணையையே தேர்வேன். அதுவும் அடியில் சுரங்கம் இல்லாத இடத்தில் மட்டுமே.