மாடல் ரயில் தண்டவாளம்: தேய்ப்பதா, துடைப்பதா, பூசுவதா?

இன்ஜின் திக்கித் திக்கி ஓடினால் கை உடனே உப்புத்தாளைத் தேடும். உண்மையில் அது கடைசியில் எடுக்க வேண்டியது. தண்டவாளத்தில் படிந்து இன்ஜினுக்குப் போகும் மின்சாரத்தைத் தடுக்கும் கறுப்பு வெறும் தூசி அல்ல. சக்கரம் உருளும்போது தெறிக்கும் நுண்பொறிகளில் உருவாகும் உலோக ஆக்சைடும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்தது அது. உப்புத்தாள் அதை நொடியில் எடுத்துவிடும். கூடவே கீறலும் போடும். அடுத்த அழுக்கு அந்தக் கீறலில்தான் குடியேறும். பழைய பித்தளைத் தண்டவாளத்தில் தடித்த ஆக்சைடு இருந்தாலோ, பசை காய்ந்து ஒட்டியிருந்தாலோ மட்டும் 1000 கிரிட்டுக்கு மேற்பட்ட நைஸான உப்புத்தாள் சரி. எஃகு கம்பளி எப்போதும் வேண்டாம். உதிரும் இழைகளை மோட்டார் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

துடைக்க 90 சதவீதத்துக்கு மேலுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலா, மினரல் ஸ்பிரிட்டா (பெயிண்டைக் கரைக்கும் பெட்ரோலியக் கரைப்பான்)? ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகும், வாடை குறைவு. ஆனால் மசகு ஏறிய பிசுக்கை மினரல் ஸ்பிரிட்தான் நன்றாகக் கரைக்கும். என் ஓட்டு அதற்கே. எதை எடுத்தாலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து, நூல் உதிராத துணியில் நனைத்துத் துடையுங்கள். துணியில் இரண்டு கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை மடிப்பை மாற்றிக்கொண்டே போக வேண்டும். அதே மடிப்பில் துடைத்தால் அழுக்கு இடம்தான் மாறும். அசிட்டோன் தண்டவாளத்துக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் கட்டைகளைக் கரைத்துவிடும், தொடவே வேண்டாம்.

துடைத்த தண்டவாளம் மீண்டும் கறுக்காமல் இருக்கப் பூசும் பூச்சில் கிராஃபைட் மலிவு: மரமில்லாத 6பி கிராஃபைட் பென்சில் குச்சியால் தண்டவாளத் தலையின் உள்விளிம்பில் ஒரே ஒரு இழுப்பு. இரண்டாவது இழுப்பு ஆசைப்பட்டால் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். ஆக்சைடு படியாமல் தடுக்கும் நோ-ஆக்ஸ்-ஐடி கிரீஸ் நெடுநாள் காக்கும், வேலைதான் அதிகம்: மெல்லத் தடவி, ஒரு நாள் விட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துடைத்தெடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் தூசியை இழுக்கும். ஏற்றமுள்ள லேஅவுட்டில் அந்தச் சரிவை மட்டும் பூசாமல் விடுங்கள். சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டிய இன்ஜினுக்கு இரண்டுமே ஒத்துவராது.

சக்கரத்தை மறந்தால் எல்லாம் வீண். ஆல்கஹாலில் நனைத்த பேப்பர் டவலைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, இன்ஜினின் ஒரு பாதிச் சக்கரங்களை அதன் மேல் வைத்து, மின்சாரம் கொடுத்து, கையால் பிடித்துச் சுழலவிடுங்கள். பிறகு மறுபாதி.

இத்தனைக்கும் பிறகு இன்ஜின் அதே இடத்தில் நின்றால் குற்றவாளி அழுக்கு அல்ல, தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்பான். தளர்ந்த இணைப்பானை நம்பாமல், அந்தத் துண்டுக்குத் மின்சாரம் தரும் தனி ஃபீடர் கம்பியை சால்டர் செய்யுங்கள்.